பந்தின் மேல் ஒரு நட்சத்திரம்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சின்ன ஊர். பேஸ்பால் மியூசியம் அங்கேதான் இருக்கிறது. அந்த மியூசியத்திடம் ஒரு பந்து உண்டு. ஏலத்தில் ஏழரை லட்சம் டாலருக்கு மேல் போன பந்து. வாங்கிய மனிதர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடவில்லை. தோலில் நட்சத்திரக் குறி ஒன்றை வெட்டி, அதாவது பந்தைப் பாழாக்கி, அப்புறம்தான் மியூசியத்துக்குக் கொடுத்தார்.

பைத்தியமா? இல்லை. மார்க் எக்கோ என்ற அந்த ஃபேஷன் டிசைனர் 2007-ல் பந்தை வாங்கியதும் இன்டர்நெட்டில் ஓட்டெடுப்பு நடத்தினார். பந்தை அப்படியே மியூசியத்துக்குக் கொடுக்கலாமா? நட்சத்திரம் வெட்டிக் கொடுக்கலாமா? ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பித் தலைமுழுகிவிடலாமா? ஒரு கோடி ஓட்டு விழுந்தது. ஜெயித்தது நட்சத்திரம்.

நட்சத்திரக் குறி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். 'வட்டியே கிடையாது' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் போட்டு, ஓரத்தில் ஒரு நட்சத்திரம் வைத்திருப்பார்கள். கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று இருக்கும். மேலே படித்ததை அப்படியே நம்பாதே என்று அர்த்தம்.

அந்தப் பந்தை அடித்தவர் பேரி பாண்ட்ஸ். 2007 ஆகஸ்ட் 7-ம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோவில் அவர் அடித்த 756-வது ஹோம் ரன் அது. அதுவரை 33 வருஷமாக உச்சியில் உட்கார்ந்திருந்த ஹாங்க் ஆரனின் கணக்கு 755. ரெக்கார்டு உடைந்த ராத்திரி மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. மற்ற ஊர்களிலோ அவர் ஆட வந்தாலே 'பூ' என்று ஊளையிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டு அடித்த அடி என்பது அவர்கள் கட்சி.

*

'பேஸ்பால் நமக்கு எதுக்கு சார்?' என்று ஒருத்தர் கடிதம் போடுவார். நியாயம். எனக்கும் அந்த ஆட்டத்தின் விதிகள் முக்கால்வாசிதான் தெரியும். ஹோம் ரன் என்றால் நம்ம சிக்ஸர் மாதிரி, ஆனால் கிடைப்பதற்கு அதைவிடக் கஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

என்னை இழுத்தது ஆட்டம் இல்லை, கணக்கு. உலகத்திலேயே தன் கணக்கை இவ்வளவு பக்தியோடு எழுதி வைத்திருக்கும் ஆட்டம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். நமக்கு 99.94 என்றால் பிராட்மன் ஞாபகம் வருகிற மாதிரி, அமெரிக்கப் பையனுக்கு 60 என்றால் பேப் ரூத், 61 என்றால் ரோஜர் மேரிஸ், 755 என்றால் ஆரன். எண்ணைச் சொன்னால் முகம் வரும். அப்படிப்பட்ட பேரேட்டில் கறை பட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பி.காம். படித்தவனுக்கு இதைவிட ருசியான கேள்வி கிடைக்காது.

இந்த நட்சத்திரத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1927-ல் பேப் ரூத் ஒரே சீசனில் 60 ஹோம் ரன் அடித்தார். 1961-ல் அதே நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரோஜர் மேரிஸ் அதை நெருங்கினார். கூச்ச சுபாவம், பத்திரிகைக்காரர்களிடம் சிரித்துப் பேசத் தெரியாது. அதனால் அவர் ஜெயிப்பதை நிறையப் பேர் விரும்பவில்லை. டென்ஷனில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

அப்போது பேஸ்பாலின் கமிஷனர் ஃபோர்ட் ஃப்ரிக். அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார்: ரூத் ஆடிய காலத்தில் சீசனுக்கு 154 ஆட்டம், இப்போது 162. எனவே 154 ஆட்டத்துக்குள் 60-ஐத் தாண்டாவிட்டால் ரெக்கார்டு புத்தகத்தில் தனி அடையாளத்தோடுதான் ஏறும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என்ன, ஃப்ரிக் அதற்கு முன்பு பத்திரிகைக்காரர். பேப் ரூத்தின் பெயரில் வந்த கட்டுரைகளை எழுதிக் கொடுத்தவரே அவர்தான்! 154 ஆட்டம் முடிந்தபோது மேரிஸ் கணக்கு 59. கடைசி நாளில் 61-வதை அடித்தார். அன்றைக்கு யாங்கீ ஸ்டேடியத்தில் பாதிக்கு மேல் காலி.

வேடிக்கை என்னவென்றால், அந்த நட்சத்திரக் குறி புத்தகத்தில் அச்சாகவே இல்லை. இரண்டு ரெக்கார்டையும் தனித்தனியாகப் போட்டார்கள், அவ்வளவுதான். அதையும் 1991-ல் எடுத்துவிட்டார்கள். மேரிஸ் பார்க்கவில்லை, 1985-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அச்சாகாத நட்சத்திரம் ஒரு மனிதரைச் சாகும்வரை துரத்தியது.

இதை வைத்து பில்லி கிரிஸ்டல் எச்.பி.ஓ. சானலுக்காக '61*' என்று ஒரு படம் எடுத்தார். தலைப்பிலேயே நட்சத்திரம். மேரிஸாக பேரி பெப்பர், சக ஆட்டக்காரர் மிக்கி மேண்டிலாக தாமஸ் ஜேன். நல்ல படம். ஒரு சாதுவான மனிதனை ஊரே சேர்ந்து எப்படிப் படுத்தும் என்று கத்தாமல் காட்டுகிறது. ஆனால் படம் 1998-ல் ஆரம்பித்து 1998-ல் முடிகிறது. மார்க் மக்வயர் என்கிற பீமன் மேரிஸின் ரெக்கார்டை உடைத்து, மேரிஸ் குடும்பத்துக்கு மரியாதை செய்கிறார். காயம் ஆறியது, சுபம். படம் வந்தது 2001 ஏப்ரலில். இன்றைக்குப் பார்த்தால் அந்த சுபம்தான் தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது.

*

1998-க்குப் போவதற்கு முன் 1994. அந்த ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் ஸ்டிரைக். முதலாளிகளும் மசியவில்லை. உலக யுத்தங்கள்கூட நிறுத்தாத 'வேர்ல்டு சீரீஸ்' இறுதிப் போட்டியே அந்த வருஷம் ரத்து. ஜனங்கள் வெறுத்துப் போனார்கள். அடுத்த சீசனில் மைதானத்துக்கு வரும் கூட்டம் சுமார் 20 சதவிகிதம் குறைந்தது. கடையில் ஷட்டர் திறந்திருக்கிறது, கஸ்டமர் இல்லை.

அப்போது வந்தார்கள் இரண்டு பேர். செயின்ட் லூயிஸின் மக்வயர், சிகாகோவின் சாமி சோசா. 1998 கோடை முழுக்க மாற்றி மாற்றி வெளுத்தார்கள். தினமும் காலையில் பேப்பரில் 'நேற்று யார் எத்தனை?' செப்டம்பர் 8-ம் தேதி மக்வயர் 62-வதை அடித்தார். மகனைத் தூக்கி முத்தம் கொடுத்தார். வேலியோரம் ஓடிப்போய் மேரிஸின் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார். சோசா ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். சீசன் முடிவில் மக்வயர் 70, சோசா 66. பேஸ்பாலைக் காப்பாற்றிய இரட்டையர் என்று எழுதாத பேப்பர் இல்லை. 70-வது பந்து சுமார் 30 லட்சம் டாலருக்கு விலை போனது.

அதே ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. ஏ.பி. செய்தி நிறுவனத்தின் நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டீன், மக்வயரின் லாக்கரில் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு பாட்டில் இருப்பதைப் பார்த்தார். லேபிளில் 'ஆண்ட்ரோஸ்டெனிடியோன்'. உடம்புக்குள் போனால் டெஸ்டோஸ்டிரோனாக மாறும் சரக்கு. ஒலிம்பிக்கில் தடை. அமெரிக்கன் ஃபுட்பாலில் தடை. பேஸ்பாலில் தடை இல்லை. அன்றைக்குக் கடையில் யாரும் வாங்கலாம்.

செய்தி வந்ததும் திட்டு விழுந்தது யாருக்கு? நிருபருக்கு. 'அடுத்தவன் லாக்கரை எட்டிப் பார்ப்பது நாகரிகமா?' என்றார்கள். ஏ.பி. ஆட்களை டிரெஸ்ஸிங் ரூமுக்குள் விடக் கூடாது என்றார் அணியின் மேனேஜர். சக பத்திரிகைக்காரர்களே முகம் சுளித்தார்கள். திருவிழாவில் சாமி வீதி உலா வரும்போது 'தேர் அச்சில் விரிசல்' என்று கத்தியவன் கதி.

இங்கே ஒரு வாக்குமூலம். 1998-ல் எனக்கு 22 வயசு. ஒரு தினசரியில் டிரெயினி. ஏஜென்சி செய்திகளைத் தமிழ்ப்படுத்தி ஸ்போர்ட்ஸ் பக்கத்தில் ஒட்டுகிற வேலை. மக்வயர் 62 அடித்த செய்தி வந்தது. ஆசை ஆசையாக மொழிபெயர்த்தேன். கடைசிப் பாராவில் அந்த பாட்டில் விவகாரம் இருந்தது. பக்கத்தில் இடம் இல்லை. இரண்டு அங்குலம் வெட்ட வேண்டும். 'மகனைத் தூக்கிக் கொஞ்சினார்' என்கிற பாராவை வெட்ட மனசு வரவில்லை. பாட்டிலை வெட்டினேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'இடம் பத்தல சார்' என்று சொல்லியிருப்பேன். அது பொய்யும் இல்லை. ஆனாலும், இடம் பத்தாதபோது எதை வெட்டுகிறோம் என்பதில்தான் நம்முடைய லட்சணம் இருக்கிறது.

*

கணக்கு சும்மா இருக்காது. அதுவே கத்தும். 1998-க்கு முன்னால் பேஸ்பாலின் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாற்றில் ஒரே சீசனில் 60-ஐத் தொட்டவர்கள் இரண்டே பேர்: ரூத், மேரிஸ். 1998-லிருந்து 2001-க்குள், நாலே வருஷத்தில், ஆறு தடவை 60-ஐத் தாண்டினார்கள். சோசா மட்டும் மூன்று தடவை. பாவம், அந்த மூன்று வருஷத்திலும் அவருக்கு முதலிடம் கிடைக்கவில்லை! இரண்டு தடவை மக்வயர் முந்தினார், ஒரு தடவை பாண்ட்ஸ். ஒரு கம்பெனியின் விற்பனை இப்படித் திடீரென்று எகிறினால் ஆடிட்டர் சந்தோஷப்பட மாட்டார். வவுச்சரை எடு என்பார்.

பாண்ட்ஸ் கதை தனி. 1998-க்கு முன்பே அவர் மகா ஆட்டக்காரர். மூன்று தடவை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அந்த ஆகஸ்டில், 400 ஹோம் ரன்னும் 400 'ஸ்டீல்' ஓட்டமும் எடுத்த முதல் ஆள் என்ற சாதனையைச் செய்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லார் கண்ணும் மக்வயர் மேல். சான்ஃபிரான்சிஸ்கோ நிருபர்கள் இரண்டு பேர், மார்க் ஃபைனாரு-வாடாவும் லான்ஸ் வில்லியம்ஸும், 2006-ல் எழுதிய 'கேம் ஆஃப் ஷேடோஸ்' புத்தகம் பொறாமை இங்கேதான் முளைத்தது என்கிறது. 2001-ல், 37 வயதில், மற்றவர்கள் ரிட்டயர்மென்ட் பற்றி யோசிக்கும்போது பாண்ட்ஸ் அடித்தது 73. அதற்கு முன் அவருடைய உச்சம் 49.

இரண்டு வருஷம் கழித்து, 2003 செப்டம்பரில் 'பால்கோ' என்ற லேப் மீது ரெய்டு. அங்கே 'கிளியர்' என்று ஒரு திரவம், 'கிரீம்' என்று ஒரு களிம்பு. கிளியர் என்பது சோதனையில் சிக்காதபடி ஒரு கெமிஸ்ட் வடிவமைத்த ஸ்டீராய்டு. ஒரு கோச் அனாமதேயமாக ஒரு சிரிஞ்சை அனுப்பி வைக்க, லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் பல்கலைக்கழக லேபில் அதைப் பிரித்துக் கண்டுபிடித்தார்கள். கிராண்ட் ஜூரி முன்னால் பாண்ட்ஸ் சொன்னது: ஆளிவிதை எண்ணெய் என்று நினைத்தேன், மூட்டுவலித் தைலம் என்று நினைத்தேன். தெரிந்தே எடுத்ததாக அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. 2011-ல் விசாரணைக்கு முட்டுக்கட்டை போட்டதாக ஒரு குற்றத்தில் தண்டனை. 2015-ல் அப்பீலில் அதுவும் ரத்து. கோர்ட்டைப் பொறுத்தவரை அவர் மேல் ஒன்றும் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

'ஸ்டீராய்டு போட்டால் யார் வேணும்னாலும் 73 அடிக்கலாமா?' என்று அவருடைய ரசிகர்கள் கேட்பார்கள். முடியாது. மணிக்கு 90 மைலுக்கு மேல் வருகிற பந்து பேட்டை அடைய அரை செகண்டுகூட ஆகாது. அதைப் பார்க்கிற கண்ணை எந்த ஊசியும் தராது. ஊசி தருவது வேறு: இன்று உழைத்த தசை நாளைக்கே மறுபடி உழைக்கத் தயாராகும். வயசு ஏறினாலும் உடம்பு இறங்காது. வேலி வரைக்கும் போய் கேட்ச் ஆகிற பந்து, வேலிக்கு வெளியே போய் விழும். திறமை அவருடையதுதான். வித்தியாசம் அந்தப் பத்தடிதான். பத்தடிதான் ரெக்கார்டு.

*

இப்போது வாத்தியார் வருகிறார். பி.காம். முதல் வருஷம் எங்களுக்கு அக்கவுன்டன்ஸி எடுத்தவர். ரப்பரோடு வருகிறவனை வெளியே நிற்க வைப்பார். "தப்பா எழுதிட்டியா? அழிக்காதே. திருத்தப் பதிவு போடு. கீழே விளக்கக் குறிப்பு எழுது. அழிச்ச பேரேடு பொய் சொல்லும்டா" என்பார். விளக்கக் குறிப்பு எழுதாவிட்டால் பாதி மார்க் போச்சு. இந்தப் பணம் எதற்கு வந்தது, ஏன் போனது என்று ஒரு வரி. அவ்வளவுதான் கேட்டார்.

பாண்ட்ஸின் 73-ஐ அழித்துவிடு என்று ஒரு கட்சி இருக்கிறது. சைக்கிள் ரேஸில் அழித்தார்களே! 2012-ல் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு 'டூர் டி பிரான்ஸ்' பட்டத்தையும் பிடுங்கி, அந்த இடத்தைக் காலியாக விட்டார்களே! பேஸ்பாலில் அது நடக்காது. ஏனென்றால் அது இரட்டைப் பதிவு முறை. பாண்ட்ஸ் கணக்கில் ஒரு ஹோம் ரன் வரவு என்றால், எதிரே பந்து வீசிய பிட்சர் கணக்கில் அது பற்று. 762 ஹோம் ரன்னை 400-க்கும் மேற்பட்ட பிட்சர்களின் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். இங்கே அழித்தால் அங்கே என்ன செய்வீர்கள்? அந்த ஆட்டத்தில் தோற்ற அணி இப்போது ஜெயித்ததா? ஒரு செங்கல்லை உருவினால் சுவரே வரும்.

இன்னொரு கட்சி, 'எல்லாரும்தானே எடுத்தாங்க? பிட்சரும் எடுத்தான், பேட்ஸ்மேனும் எடுத்தான், சரிக்குச் சரி' என்கிறது. இதற்கு எங்கள் பாடத்தில் 'ஈடுசெய் பிழை' என்று பெயர். இந்தப் பக்கம் ஐந்நூறு தப்பு, அந்தப் பக்கம் ஐந்நூறு தப்பு. இருப்பாய்வு அழகாக டேலி ஆகும். ஆனால் கணக்கு தப்பு தப்புதான்.

இதில் சிக்காமல் போவது மூன்றாவது ஆள். அன்றைக்கு 30 அணிகளில் அணிக்கு 25 பேர். மொத்தம் 750 நாற்காலி. கீழ் லீகுகளில், சொற்ப சம்பளத்தில், ராத்திரி பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடியவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களில் ஒருத்தன், 'எனக்கு ஊசி வேண்டாம்' என்று சொன்னதால் 751-வது ஆளாக நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பியிருப்பான். அவன் பெயர் எந்த ரெக்கார்டிலும் இல்லை, எந்த விசாரணை அறிக்கையிலும் இல்லை. பாடத்தில் இதற்கும் பெயர் இருக்கிறது: 'விடு பிழை'. பதிவே செய்யாமல் விட்டது. கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டமான பிழையும் அதுதான். எனக்கு மேரிஸைவிட, ஆரனைவிட அவனுக்காகத்தான் அதிகமாக வயிறு எரிகிறது.

உயிரும் போயிருக்கிறது. 1996-ல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய கென் காமினிட்டி, ஸ்டீராய்டு எடுத்துத்தான் ஆடினேன் என்று 2002-ல் பத்திரிகைக்குச் சொன்னார். 2004-ல், 41 வயதில், வேறு போதைப் பழக்கங்களோடும் போராடி இறந்தார். 2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு நட்சத்திரங்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது, முதலில் பேச வந்தவர்களில் சில பெற்றோர்கள் இருந்தார்கள். ஹீரோக்களைப் பார்த்து ஊசி போட்டுக்கொண்டு, பிறகு தற்கொலை செய்துகொண்ட பையன்களைப் பெற்றவர்கள். அவர்களுக்குப் பிறகு வந்து உட்கார்ந்த மக்வயர், பழையதைப் பேச நான் வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒப்புக்கொள்ள அவருக்கு 2010 ஜனவரி வரை ஆனது. அப்போது மேரிஸின் மனைவிக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். சோசா 2024 டிசம்பரில்தான் 'தவறுகள் செய்தேன்' என்கிற அளவுக்கு வந்தார்.

*

சரி, ஆட்டக்காரர்கள் தப்பு செய்தார்கள். கடையை நடத்தியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

1991-லேயே அன்றைய கமிஷனர் ஸ்டீராய்டு கூடாது என்று அணிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் சோதனை கிடையாது. திருடக் கூடாது என்று போர்டு மாட்டிவிட்டுப் பூட்டை எடுத்துவிட்ட கதை. யூனியன், 'எங்கள் ஆட்களின் அந்தரங்கம்' என்று சோதனையை எதிர்த்தது. முதலாளிகள் பெரிதாகச் சண்டை போடவில்லை. கல்லாவில் கூட்டம் நிற்கும்போது எவன் சண்டை போடுவான்? 2003-ல்தான் முதல் சோதனை. அதுவும் பெயர் சொல்லாமல், முன்கூட்டியே அறிவித்துவிட்டு. தேர்வு வரப்போகிறது என்று தெரிந்தும் 5 முதல் 7 சதவிகிதம் பேர் ஃபெயில்! 2005-ல் முதல் தடவை மாட்டினால் பத்தே நாள் சஸ்பெண்ட். நாடாளுமன்றம் காதைத் திருகிய பிறகுதான் 50 ஆட்டம், 2014-லிருந்து 80 ஆட்டம் என்று ஏறியது. 2007 டிசம்பரில் செனட்டர் ஜார்ஜ் மிட்சல் 409 பக்கத்துக்கு விசாரணை அறிக்கை கொடுத்தார். 80-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் பெயர்கள் வந்தன. எல்லாரும் பெயர்களைத்தான் படித்தார்கள். கமிஷனரிலிருந்து யூனியன் வரை அத்தனை பேருக்கும் பொறுப்பு உண்டு என்று அதே அறிக்கை சொன்னதை நிறையப் பேர் படிக்கவில்லை.

இந்தக் காலம் முழுக்க மேலே உட்கார்ந்திருந்தவர் பட் சீலிக். 1992-லிருந்து பொறுப்பு கமிஷனர், 1998-லிருந்து முழுக் கமிஷனர், 2015 ஜனவரி வரை. அவர் வந்தபோது பேஸ்பாலின் வருமானம் வருஷத்துக்குச் சுமார் 120 கோடி டாலர். போனபோது சுமார் 900 கோடி. 2017-ல் கூப்பர்ஸ்டவுனின் 'ஹால் ஆஃப் ஃபேம்' அவரை உள்ளே ஏற்றி வெண்கலப் பலகை மாட்டியது.

பாண்ட்ஸ்? அவரை ஏற்றுவதா என்று ஓட்டுப் போடுகிறவர்கள் பத்து வருஷ அனுபவம் உள்ள பேஸ்பால் பத்திரிகையாளர்கள். 75 சதவிகிதம் வேண்டும். பத்துத் தடவை முயன்று, 2022-ல் கடைசித் தடவை கிடைத்தது 66. பிறகு 2022-லும் 2025-லும் கமிட்டி வழியாக வந்த வாய்ப்பும் போனது. அவருடைய பந்து மியூசியத்துக்குச் சொந்தம். அவருக்குத்தான் பலகை இல்லை.

எனக்கு பாண்ட்ஸ் மேல் பரிதாபம் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். கள்ளக் கணக்கு எழுதிய குமாஸ்தாவை வாசலில் நிறுத்திவிட்டு, அந்தக் கணக்கால் லாபம் பார்த்த மேனேஜருக்கு ஹாலில் படம் மாட்டுவது என்ன தணிக்கை? இதற்கு ஓட்டுப் போடுகிற பத்திரிகையாளர்களில் எத்தனை பேர் 1998-ல் பாட்டிலைப் பார்த்தும் பார்க்காமல் காவியம் பாடியவர்கள்? பத்து வருஷம் கழித்து அவர்களே நீதிபதி. என் இனம் என்பதால் எனக்குக் கூடுதலாகக் கூசுகிறது.

'ரெக்கார்டு புனிதம்' என்ற பேச்சும் அவ்வளவு சுத்தம் இல்லை. ரூத் 60 அடித்த காலத்தில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட அந்த லீகில் ஆட முடியாது. 1947-ல் ஜாக்கி ராபின்ஸன் வந்த பிறகுதான் கதவு திறந்தது. அறுபதுகளில் டிரெஸ்ஸிங் ரூம்களில் 'கிரீனி' என்று ஊக்க மாத்திரை சர்வசாதாரணம். ஒருமுறை விழுங்கிப் பார்த்ததாக ஹாங்க் ஆரனே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ரூத்தின் ரெக்கார்டை நெருங்கிய குற்றத்துக்காகக் கொலை மிரட்டல் கடிதங்களை மூட்டை மூட்டையாக வாங்கிய மனிதர் அவர். பழைய பக்கங்களிலும் கறை உண்டு.

அந்தக் கறையை என்ன செய்தார்கள் பாருங்கள். அழிக்கவில்லை. 2024-ல் பழைய நீக்ரோ லீக் ஆட்டங்களின் கணக்கையும் அதே பேரேட்டில் சேர்த்தார்கள். வாழ்நாள் பேட்டிங் சராசரியில் நூறு வருஷ ஜாம்பவான் டை காப் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். வெள்ளையர் லீகில் கடைசிவரை ஆட விடப்படாத ஜாஷ் கிப்ஸன் 0.372-உடன் முதலிடம் ஏறினார். யாருடைய எண்ணையும் தொடாமல், விட்டுப்போனதைச் சேர்த்து, ஏன் சேர்த்தோம் என்று காரணம் எழுதினார்கள். வாத்தியார் பார்த்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

ஆக, பேஸ்பாலுக்குத் திருத்தப் பதிவு போடத் தெரியும். 73-க்கு நட்சத்திரம் வேண்டாம். நட்சத்திரம் ஒரு கண் சிமிட்டல். விஷயத்தைச் சொல்லாமல் சொல்லித் தப்பிக்கிற வழி. விளக்கக் குறிப்புத்தான் வேண்டும். இன்ன காலத்தில், சோதனை இல்லாதபோது, இன்னார் மேற்பார்வையில், கூட்டம் வேண்டும் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது அடித்தது என்று நேராக நாலு வரி. பாண்ட்ஸை உள்ளே விட்டு, அவர் பலகையில் அதை எழுதுங்கள். சீலிக் பலகையிலும் அதே நாலு வரியை எழுதுங்கள்.

2022-ல் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 62 அடித்து, மேரிஸின் லீக் ரெக்கார்டைத் தாண்டினார். சோதனைகள் இருக்கிற காலத்து ஆள். இதுதான் நிஜ ரெக்கார்டு என்றார் மேரிஸின் மகன். ஜட்ஜிடம் கேட்டார்கள். 73-தான் ரெக்கார்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது கலிஃபோர்னியாவில் பாண்ட்ஸின் அணிக்கு ரசிகர். கிடைக்கிற கிரீடத்தை வேண்டாம் என்று சொல்ல ஒரு தெளிவு வேண்டும்.

நானும் என் பங்குக்கு ஒரு திருத்தப் பதிவு போட்டுவிடுகிறேன். 1998 செப்டம்பரில் நான் வெட்டிய பாராவின் சாரம் இது:

'மக்வயர், ஆண்ட்ரோஸ்டெனிடியோன் என்ற மருந்தை உட்கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒலிம்பிக்கிலும் அமெரிக்கன் ஃபுட்பாலிலும் இதற்குத் தடை உள்ளது. பேஸ்பால் நிர்வாகம் தடை செய்யவில்லை.'

இரண்டு அங்குலம்தான். இடம் இருந்திருக்கும்.